பெட்டிக்குள் அடைத்த குளிர்நீர்க் குழாய்: கணக்கில் விடுபடும் காற்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பினாங்கில் கொண்டோ வீட்டிலோ, விடுதியாக மாற்றிய பழைய கடைவீட்டிலோ சீலிங்கில் மஞ்சள் திட்டு விழுந்தால், முதல் பழி மேல்மாடிக் குளியலறைமீதுதான் போகிறது. நிர்வாகக் குழுவுக்குப் புகார், மேல் வீட்டுக்காரரோடு மனத்தாங்கல், பிளம்பர் வந்து டைல்ஸ் உடைப்பு. உடைத்த பிறகும் சொட்டு நிற்பதில்லை. காரணம், பல இடங்களில் எந்தக் குழாயும் ஓட்டையாக இருப்பதில்லை. ஏர்கோன் குளிர்நீர்க் குழாய் வியர்த்துக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் அதற்கு இன்சுலேஷன் போட்டிருப்பார்கள். அட்டவணையைப் பார்த்துத் தடிமனையும் சரியாகத்தான் தேர்ந்திருப்பார்கள். ஆனால் அந்த அட்டவணை திறந்த வெளியில் ஓடும் குழாய்க்கானது. குழாயோ அழகுக்காக ஜிப்சம் பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறது. பெட்டி போட்டதும் கணக்கு மாறிவிடும். அதை மறுபடி போட்டுப் பார்ப்பவர் குறைவு என்பதால் இக்கடிதம்.

ஒழுகலா, வியர்வையா என்று பிரித்தறிவது கடினமில்லை. இரவில் சில்லர் எனப்படும் குளிர்நீர் இயந்திரத்தை நிறுத்துங்கள். குழாயில் நீர் அழுத்தத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். ஓட்டை என்றால் பம்ப் நின்றாலும் சொட்டும். வியர்வை என்றால் குழாய் சூடேறச் சூடேறச் சொட்டு ஓயும்; காலையில் சில்லர் ஓடிச் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரும். இன்சுலேஷன் ஊறிப் போயிருந்தால் வடிவதற்கே ஒரு நாள் பிடிக்கலாம், அவசரப்பட வேண்டாம். இன்னோர் அடையாளம்: ஓட்டை ஓரிடத்தை நனைக்கும், வியர்வை குழாயின் நீளவாக்கில் நனைத்துக்கொண்டே போய், தாழ்ந்த முனையிலோ தொங்குகம்பி பிடித்திருக்கும் இடத்திலோ சொட்டும்.

இனி கணக்கு. 50 மி.மீ. எஃகுக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வெளிவிட்டம் 60.3 மி.மீ. உள்ளே 7 டிகிரி செல்சியஸ் குளிர்நீர். மேலே 25 மி.மீ. தடிமனில் கறுப்பு ரப்பர் ஃபோம். அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.038 வாட். சுற்றியுள்ள காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு. இந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 28.1 டிகிரி. காற்றைவிட வெறும் 4 டிகிரி குளிர்ந்த பரப்பு எதுவாக இருந்தாலும் நனைந்துவிடும் என்று பொருள். குளிர் நாட்டுக் கையேடுகளைப் பார்த்துத் தடிமன் எழுதுகிறவர்கள் இந்த 4 டிகிரியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு முழுவதையும் வெப்பத்தடைகளின் கூட்டலாகப் பார்ப்பதுதான் எளிய வழி. ஒரு மீட்டர் நீளக் குழாய்க்கு இன்சுலேஷனின் தடை: வெளி ஆரத்தை உள் ஆரத்தால் வகுத்து, வரும் எண்ணின் இயல் மடக்கையை 6.283 × கடத்துதிறனால் வகுக்க வேண்டும். இங்கே ஆரங்கள் 55.15, 30.15 மி.மீ. தடை 2.53 கெல்வின்-மீட்டர்/வாட். குழாய்ச் சுவரின் தடையும் உள்ளே ஓடும் நீரின் தடையும் இதற்கு முன் தூசு, விட்டுவிடலாம்.

அடுத்தது இன்சுலேஷனின் வெளிப்பரப்புக்கும் காற்றுக்கும் இடையிலான தடை. திறந்த அறையில் கறுப்பு ரப்பர் பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 8 வாட்/கெல்வின் என்று வைக்கலாம், இதைப் பரப்பு எண் என்போம். அதில் ஏறக்குறைய 5.5 கதிர்வீச்சால் வருவது, மிச்சம் காற்றோட்டத்தால். மீட்டருக்கு 0.3465 சதுர மீட்டர் பரப்பு இருப்பதால் தடை 0.36. மொத்தம் 2.89. வெப்பநிலை வேறுபாடு 25 டிகிரி. ஆகவே மீட்டருக்கு 8.65 வாட் வெப்பம் குழாய்க்குள் போகிறது. பரப்பின் வெப்பநிலை 32லிருந்து 8.65 × 0.36ஐக் கழித்தால் 28.9 டிகிரி. பனிநிலை 28.1. மயிரிழையில் தப்பிவிட்டது. அட்டவணை 25 மி.மீ. போதும் என்று சொல்வது இதனால்தான், அது பொய்யில்லை.

இப்போது அதே குழாயை 250க்கு 250 மி.மீ. ஜிப்சம் பெட்டிக்குள் வையுங்கள், பலகை 9 மி.மீ. வெப்பம் இப்போது நேரே வருவதில்லை. அறைக் காற்றிலிருந்து பலகைக்கு, பலகையை ஊடுருவி, பலகையின் உள்முகத்திலிருந்து பெட்டிக் காற்றுக்கு, அங்கிருந்து இன்சுலேஷனுக்கு. நான்கு தடைகள். உள்ளே காற்று தேங்கி நிற்பதால் பரப்பு எண்ணை 7 என்று எடுக்கிறோம். வெளிப்பக்கம் 0.12, பலகை 0.05, பலகையின் உள்முகம் 0.14, இன்சுலேஷன் முகம் 0.41, நான்கும் சேர்ந்து 0.73. இன்சுலேஷனோடு கூட்டினால் 3.26. வெப்பம் மீட்டருக்கு 7.7 வாட்.

பெட்டி போட்டதால் வெப்ப நுழைவு 11 விழுக்காடு குறைந்திருக்கிறது. ஆற்றல் கணக்கை மட்டும் பார்க்கும் மென்பொருள் இதை நல்ல செய்தியாகவே காட்டும். பரப்பின் வெப்பநிலையைப் பாருங்கள்: 32லிருந்து 7.7 × 0.73ஐக் கழித்தால் 26.4 டிகிரி. பனிநிலைக்கு 1.7 டிகிரி கீழே போய்விட்டது. பெட்டிக்குள் காற்றே 29.6க்கு இறங்கியிருக்கிறது. திறந்த வெளியில் காய்ந்து கிடந்த அதே இன்சுலேஷன், பெட்டிக்குள் நனைகிறது.

இந்த முறையில் ஒரு தோராயம் இருக்கிறது, சொல்லிவிட வேண்டும். கதிர்வீச்சு பெட்டிக் காற்றைத் தொடாமல் பலகையிலிருந்து நேரே இன்சுலேஷனுக்குப் பாய்கிறது. அதைத் தனியாகவும் காற்றோட்டத்தைத் தனியாகவும் பிரித்துப் போட்டால் பரப்பு 27.4 டிகிரி வருகிறது. ஒரு டிகிரி கூடுதல், ஆனாலும் 28.1க்குக் கீழேதான். வடிவமைப்புக்கு முதல் முறையே போதும், அது பாதுகாப்பான பக்கம் தவறுகிறது.

வெப்ப நுழைவைப் பற்றி ஒரு வார்த்தை. 30 மீட்டர் குழாய்க்கு 7.7 வாட் வீதம் 230 வாட். நொடிக்கு 1 லிட்டர் ஓடும் குளிர்நீர் இதனால் 0.06 டிகிரிகூடச் சூடேறாது. மின்கட்டணத்தில் இதைத் தேடினால் கிடைக்காது. பெட்டிக்குள் போகும் குழாய்க்கு எத்தனை வாட் என்பது முக்கியமே இல்லை. பரப்பு எத்தனை டிகிரி என்பதே முக்கியம். வரைபடத்தோடு சமர்ப்பிக்கும் கணக்குத் தாளில் வாட் மட்டும் இருந்து பரப்பு வெப்பநிலை இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம்.

"பெட்டியை முழுக்க மூடிவிட்டால் வெளி ஈரம் உள்ளே வராதே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மெய்யாகவே மூடிய பெட்டியில் ஒரு மீட்டருக்கு அடங்கியிருக்கும் நீராவி 1.7 கிராமுக்குள்தான், அது முழுதும் படிந்தாலும் ஒரு சொட்டும் வெளியே வராது. ஆனால் ஜிப்சம் பலகை நீராவியைத் தடுப்பதில்லை, மேலே பூசும் எமல்ஷன் பெயின்ட்டும் பெரிதாகத் தடுப்பதில்லை. குழாய் நுழையும் துளையைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி இருக்கும். விளக்குக்கு வெட்டிய ஓட்டை இருக்கும். கூரைக்கடியில் உள்ள வெற்றிடத்தோடு மேல்முனை திறந்தே கிடக்கும். குளிர்ந்த பரப்பு ஈரத்தை இழுத்து நீராக்கிக்கொண்டே இருக்க, அந்த இடைவெளிகள் வழியே புது ஈரம் வந்துகொண்டே இருக்கும்.

இதைவிட மோசமான ஒன்று பளபளக்கும் அலுமினியத் தாள். பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறதென்று ரப்பர் ஃபோம்மீது அதைச் சுற்றிவிடுகிறார்கள். நீராவித் தடுப்பாக அது நல்லதுதான். ஆனால் பளபளப்பான பரப்பு கதிர்வீச்சை வாங்காது. மேலே சொன்ன 5.5 ஏறக்குறைய 0.6 ஆகிவிடும். திறந்த வெளியிலேயே பரப்பு 28.9லிருந்து பனிநிலைக்குக் கீழே இறங்கும். பெட்டிக்குள் அதைவிடவும் கீழே போய்விடும். நீராவித் தடுப்பு வேண்டுமென்றால் மங்கலான கறுப்பு உறையோ வண்ணம் பூசிய உறையோ போடலாம். ஏற்கெனவே சுற்றிவிட்டார்கள், பிரிக்க மனமில்லை என்றால், அதன்மேல் பளபளப்பில்லாத பெயின்ட் பூசினாலே பாதிப் பிரச்சினை தீரும். உலோகப் பொடி கலந்த வெள்ளி நிறப் பெயின்ட் மட்டும் வேண்டாம்.

ஒரே பெட்டியில் இரண்டு குழாய், அதாவது போகும் நீர் 7 டிகிரி, திரும்பும் நீர் 12 டிகிரி என்று இருப்பதே நம் கட்டடங்களில் வழக்கம். அப்போது பெட்டிக் காற்றின் வெப்பநிலையைத் தெரியாத எண்ணாக வைத்து, உள்ளே வரும் வெப்பமும் இரு குழாய்கள் இழுக்கும் வெப்பமும் சமம் என்று ஒரே சமன்பாடு எழுத வேண்டும். 400க்கு 250 மி.மீ. பெட்டியில், இரண்டுக்கும் 25 மி.மீ. ஃபோம் என்றால், பெட்டிக் காற்று 28.8 டிகிரி, போகும் குழாயின் பரப்பு 25.7, திரும்பும் குழாயின் பரப்பு 26.5. இரண்டும் வியர்க்கும். 50 மி.மீ. ஃபோம் போட்டால் போகும் குழாயின் பரப்பு 28.3க்கு ஏறுகிறது, கடைசி நுனியில் தப்புகிறது.

இதுவும் பெட்டியின் நான்கு முகமும் அறைக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான். நடப்பில் பெட்டி மூலையில் இருக்கும். இரண்டு முகம் செங்கல் சுவரோடு ஒட்டியிருக்கும், சுவருக்கு அந்தப் பக்கமும் ஏர்கோன் அறை. அந்த இரண்டு முகமும் வெப்பம் தராது என்று வைத்துப் போட்டால், 50 மி.மீ. ஃபோம் இருந்தும் பெட்டிக் காற்றே 27.9க்கு இறங்கிவிடுகிறது. காற்றே பனிநிலைக்குக் கீழே போன பிறகு எவ்வளவு தடிமன் கூட்டினாலும் ஓரளவுக்கு மேல் பயனில்லை. இங்கேதான் பலர் இன்னும் 10 மி.மீ., இன்னும் 10 மி.மீ. என்று சுற்றிச் சுற்றிப் பணத்தைக் கொட்டுகிறார்கள். சுற்றியதில் பெட்டிக்குள் இடைவெளி குறைந்து, இரு குழாய்களின் ஃபோமும் ஒன்றோடொன்று ஒட்டி அழுந்தி, அழுந்திய இடத்தில் தடிமன் குறைந்து, அங்கேயே சொட்டு தொடங்குகிறது.

இந்த நிலையில் செய்ய வேண்டியது பெட்டியைத் திறப்பது. அகற்றச் சொல்லவில்லை, கீழே ஒன்று, மேலே ஒன்று என்று காற்றுத்துளைத் தட்டு வைத்து, ஏர்கோன் ஓடும் அறையோடு இணைப்பது. 24 டிகிரி, 55 விழுக்காடு ஈரப்பதமுள்ள அறைக் காற்றின் பனிநிலை 14 டிகிரியை ஒட்டியது. அதே 25 மி.மீ. இரட்டைக் குழாயின் பரப்பு அப்போது 20 டிகிரி. சொட்டுக்கு வழியே இல்லை. அதோடு கூரை வெற்றிடத்துக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் திறந்திருக்கும் முனைகளை மாஸ்டிக் என்ற அடைப்புப் பசை வைத்து அடைக்க வேண்டும். அறையோடு திறப்பு, வெளியோடு அடைப்பு என்பதைத் தலைகீழாகச் செய்து வைத்திருக்கும் கட்டடங்கள்தான் அதிகம்.

ஆனால் மாடிக்கு மாடி ஊடுருவும் ரைசரில், அதாவது குழாய்கள் மேலேறும் செங்குத்துப் பாதையில், செங்குத்தாகக் காற்று போக வழி வைக்கக் கூடாது. ஒவ்வொரு தளத்திலும் தீத்தடுப்பு அடைப்பு இருந்தாக வேண்டும். பொம்பா, அதாவது தீயணைப்புத் துறை, சோதனையில் அது பார்க்கப்படும். ஆகவே இரு துளைத் தட்டுகளும் ஒரே தளத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

விடுதிகளுக்கு மட்டும் இந்த வழி பாதிதான் உதவும். விருந்தாளி சாவி அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் அறையின் ஏர்கோன் நின்றுவிடும். பால்கனிக் கதவைத் திறந்தே விட்டுப் போயிருப்பார். அறைக்குள் வெளிக் காற்று நிறைந்துவிடும். பெட்டிக்குள்ளே செல்லும் குழாயோ மற்ற அறைகளுக்காக 7 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் விடுதிக்கு எப்போதும் 32 டிகிரி, 80 விழுக்காடு என்றே கணக்குப் போட வேண்டும். மாலையில் கடையைப் பூட்டிவிட்டு, சில்லரை மட்டும் ஓடவிடும் கட்டடங்களுக்கும் இது பொருந்தும்.

கணக்கு சரியாக வந்தும் கைவேலையில் கெடுவது ஒரு பக்கம். குழாயைத் தொங்கவிடும் கிளாம்ப் நேரே எஃகைப் பிடித்திருந்தால், அந்த இரும்பே குளிரை வெளியே கொண்டுவரும். ஃபோமின் தடிமனுக்கு ஈடான கடின மரக்கட்டையோ பாலியூரித்தேன் கட்டையோ வைத்து, அதன்மேல் கிளாம்ப் வர வேண்டும். கட்டையும் ஃபோமும் சேரும் இரு விளிம்பையும் பசையிட்டு ஒட்ட வேண்டும். கேபிள் டையை இறுக்கிக் கட்டுவது 25 மி.மீ. ஃபோமை அந்த இடத்தில் 15 ஆக்கிவிடும். வால்வு, ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி), அழுத்தமானி போகும் சிறு கிளைக் குழாய் ஆகியவற்றை அம்மணமாக விடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. ஈரமான குழாய்மேல் ஃபோம் மாட்டினால் பசை பிடிக்காது. நெடுக்குத் தையல் ஆறு மாதத்தில் வாய் பிளக்கும். கண்ணாடி இழை இன்சுலேஷன் என்றால் இன்னும் கவனம் தேவை. தண்ணீரின் கடத்துதிறன் 0.6, அதாவது ஃபோமைப்போல 15 மடங்குக்கு மேல். ஒருமுறை ஊறினால் இன்சுலேஷன் தடை சரிந்து, பரப்பு இன்னும் குளிர்ந்து, இன்னும் ஊறும். உலர்த்திச் சரிசெய்ய முடியாது. வெட்டி எறிய வேண்டியதுதான்.

வீட்டு ஏர்கோனுக்கும் இதே கதை, சிறிய அளவில். சுவரில் ஒட்டிய வெள்ளை பிவிசி பெட்டிக்குள் 12.7 மி.மீ. செம்புக் குழாய், 8 டிகிரியில். திறந்த வெளியில் 9 மி.மீ. ஃபோம் போட்டால் பரப்பு 25.8 டிகிரி, 13 மி.மீ. என்றால் 27.7, 19 மி.மீ. என்றால் 29.1. அதாவது நம் பருவநிலைக்கு 19 மி.மீ.தான் தேறுகிறது, அதுவும் பெட்டியில்லாமல். பிவிசி பெட்டிக்குள் 19 மி.மீ. போட்டாலும் 26 டிகிரிக்கு இறங்குகிறது. அறைக்குள் இருக்கும் பகுதி ஏர்கோன் காற்றின் தயவில் தப்பிவிடும். வெளிச்சுவரில் இறங்கும் பகுதியில் பெட்டியின் கீழ்முனையைத் திறந்தே விட்டு, சொட்டு சுவரில் படாமல் விழ வழி செய்வதே நடைமுறை. கீழ்முனையை சிலிக்கோன் வைத்து அழகாக அடைக்கும் குத்தகையாளர், தண்ணீரைச் சுவர்த் துளை வழியே வீட்டுக்குள் அனுப்பிவைக்கிறார். பெரும்பாலான வீட்டு ஏர்கோன்களில் பருமனான குழாய் மட்டுமல்ல, மெல்லிய குழாயும் குளிர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி ஃபோம் வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே உறையில் திணிப்பது கூடாது. வடிநீர்க் குழாயின் முதல் இரண்டு மூன்று மீட்டருக்கும் ஃபோம் தேவை, அதில் போவதும் குளிர்ந்த நீர்தான்.

சுடுநீர்க் குழாய்க்கு இதே கணக்கு தலைகீழாக வேலை செய்கிறது. பெட்டி அங்கே நன்மையே செய்யும். கவனிக்க வேண்டியது, அதே பெட்டியில் குடிநீர்க் குழாயோ மின்கேபிளோ சேர்ந்து போகிறதா என்பது. பெட்டிக் காற்று 38 டிகிரிக்கு ஏறினால் கேபிளின் மின்தாங்கு திறனைக் குறைத்துக்கொள்ள வேண்டிவரும். குடிநீரும் லெஜியோனெல்லா கிருமி வளரும் சூட்டுக்கு வந்துவிடும்.

நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் பழுதுபார்ப்புக்கு விலை கேட்கும்போது, "இன்சுலேஷன் மாற்றவும்" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். சுற்றுக் காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், பெட்டியின் அளவு, அதில் எத்தனை முகம் காற்றைப் பார்க்கிறது, உறையின் மேற்பரப்பு மங்கலா பளபளப்பா, இவற்றைக் குறிப்பிட்டு, பெட்டிக்குள் பரப்பு வெப்பநிலை பனிநிலைக்கு மேலே இருப்பதைக் கணக்குத் தாளில் காட்டச் சொல்லுங்கள். அத்தோடு வால்வுக்கு நேரே ஒன்றும் பெட்டியின் தாழ்ந்த முனையில் ஒன்றுமாகத் திறந்து மூடும் கதவு வைக்கச் சொல்லுங்கள். 300க்கு 300 மி.மீ. அளவே போதும், கையை விட்டுக் குழாயின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்க முடிய வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
குளிர்சாதன, குழாய்ப் பணித் தொழில்நுட்பர்கள் சிலர்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு